யாரும் வாங்காத மீன்

கரும்பலகையில் 'முனஷீ' என்று எழுதினார் சார். "உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி, செஞ்சதெல்லாம் வீணுங்கிற மாதிரி இருக்கும் பாருங்க, அதுக்குத்தான் இந்த வார்த்தை."

சிதம்பரத்தில் கல்லூரி விட்டதும் அவரிடம் ஜப்பான் மொழி படித்துக்கொண்டிருந்தோம். சென்னையில் நடக்கும் பேச்சுப் போட்டிக்கு வகுப்பிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த ஒருவரும் நான்தான் என்று முடிவே செய்திருந்தேன்.

"நீ கடலூர் கடக்கர ஊருதானேம்மா, சுனாமியச் சொல்லு. கரையில நின்னேன், முனஷீயா இருந்துச்சுன்னு முடி. நடுவருங்க அழுதுடுவாங்க" என்றார் சார்.

"உனக்கென்னப்பா, கதையோட பொறந்துட்ட. எங்க நெய்வேலில என்ன இருக்கு, கரிதான்" என்றான் பின்பெஞ்சில் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்குக் கேமராவோடு வந்தவர்களும் இதைத்தான் கேட்டார்கள். கன்னத்தில் கை வை, கடலைப் பார். எழுத உட்கார்ந்தபோது அப்படி நின்ற யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அம்மாதான் வந்தாள்.

அலை அடித்துச் சில வாரம் கழித்து அப்பா மறுபடி கடலுக்குப் போய்ச் சங்கரா மீன் கொண்டுவந்தார். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கடலூர் டவுனுக்குள் மஞ்சக்குப்பம் போனாள். எட்டாவது படித்துக்கொண்டிருந்த நானும் கூடப் போனேன். வழக்கமாக வாங்கும் வீட்டிலேயே, "பொணம் தின்ன மீனு. வாசல்ல எறக்காத" என்றார்கள்.

"எம் புள்ளைங்க இதத்தாம்மா துன்னுதுங்க" என்றாள் அம்மா. கதவைச் சாத்திவிட்டார்கள்.

தெருத்தெருவாக அலைந்து முழுக் கூடையோடு திரும்பினோம். நாறிப்போன மீனைக் கரையில் குழி தோண்டிப் புதைத்தாள். ஒவ்வொரு பிடி மணலுக்கும் ஒரு வீட்டைச் சொல்லித் திட்டினாள். அழவில்லை. மறுநாளும் கூடையைத் தூக்கினாள்.

இதை எழுதி, 'அம்மாவுக்குக் கோபம் வந்தது' என்று முடித்திருந்தேன். சார் கடைசி வரியை அடித்துவிட்டு 'முனஷீ' போட்டார்.

"கோவத்துக்கெல்லாம் பரிசு தர மாட்டாங்கம்மா."

மாற்ற மாட்டேன் என்றேன். நெய்வேலிக்காரனை அனுப்பினார்.

அம்மாவிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "அந்த வாத்தியாரு அப்ப மீனு வாங்குனாரான்னு கேளு."

அடுத்த வகுப்பில் எழுந்து கேட்டேன்.

"அப்ப யாரும்மா வாங்குனா? எங்க வீட்ல மாசக்கணக்கா மீனே சேக்கல" என்றார், மழை பெய்ததைச் சொல்வதுபோல.

"அத ஜப்பான் மொழில சொல்லுங்க சார்" என்றேன். "எழுதிக்கிறேன்."