சிகரெட் பெட்டியிலிருந்து வந்த முகம்

போன கிழமை இருமல் மருந்து வாங்க நாவற்குடாவுக்குப் போனேன். கொம்பவுண்டர் கணபதிப்பிள்ளை வீட்டில்தான் இருந்தார். அவர் மனைவி பொன்னம்மா காய்ச்சலில் இறந்து மூன்று வருஷம். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. என்ன சொல்லி ஆறுதல் செய்வது?

உள்ளே போனதும் சுவர்தான் கண்ணில் பட்டது. கண்ணாடிச் சட்டத்துக்குள் பதினொரு சிகரெட் படங்கள் — பெட்டிக்குள் வைத்து வருமே, அந்தச் சின்ன அட்டைகள். சிலர் கப்பல்களைச் சேர்க்கிறார்கள், சிலர் கிரிக்கெட்காரர்களை. இங்கே பதினொன்றிலும் ஒரே பெண். ‘கீழைத்தேச அழகிகள்’ வரிசையில் வந்தவள். கூந்தலில் பூ, ரோஜா நிறக் கன்னம், பாதிச் சிரிப்பு.

“ஆர் இது?”

“பொன்னம்மா” என்றார், மருந்தைக் கலக்கிக்கொண்டே.

பகடி விடுகிறாரா? முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பொன்னம்மாவை ஒரு தடவைகூடப் போட்டோ பிடிக்கவில்லையாம். அவள் இறந்து மூன்றாம் மாதம் ஒரு சிகரெட் பெட்டியைத் திறந்தபோது இந்தப் படம் வந்ததாம்.

“முதல்ல அந்தச் சிரிப்பு மட்டுந்தான் சாயலாக் கிடந்தது, ஐயா. இப்ப பாருங்க... அவளேதான்.”

எப்போதாவது ஒன்று பற்றவைத்த மனிதர். இப்போது அவளைத் தேடிப் பெட்டி பெட்டியாகக் குடிக்கிறார்.

படத்தைக் கீறியவன் லண்டனில் எங்கோ இருந்திருப்பான். நம் வாவிக்கரை வெயிலைக் கண்டிருப்பானா? ஆனாலும் கெட்டிக்காரன் — நான் எங்கே நகர்ந்தாலும் இருபத்திரண்டு கண்களும் கூடவே வந்தன. மேசையில் கிடந்த ஒரு படத்தைத் திருப்பினேன். அவள் முதுகில் ‘தொண்டைக்கு இதமானது’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது.

அவருடைய நாலு வயது மகள் ஓடிவந்து சட்டத்தின் முன் நின்றாள். “அம்மா, நான் சாப்பிட்டன்.” சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

பக்கத்து வளவிலிருந்து வந்த பொன்னம்மாவின் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“மச்சான், எத்தின தரம் சொல்லுறது? இது அவள் இல்ல. எங்கட பொன்னம்மா கறுப்பு. சப்பை மூக்கு. அவட முகத்தப் பாக்க வேணுமெண்டா இந்தப் பிள்ளையப் பாருங்க. அப்பிடியே உரிச்சு வெச்சிருக்கு.”

உள்ளே வந்து பிள்ளையைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினார்.

கொம்பவுண்டர் மகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டத்தைப் பார்த்தார்.

“இல்லக்கா” என்றார் அமைதியாக. “ஒரு சாயலும் இல்ல.”

அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். “இனி இவள் என்னோட இருக்கட்டும்.”

கொம்பவுண்டர் மறிக்கவில்லை. என் மருந்துப் போத்தலை நன்றாக மூடித் தந்தார்.

நடுப்பகல். கல்லடிப் பாலத்தில் நடந்து வந்தேன். நல்ல சித்திரம் மனசில் நிற்கும் என்கிறோம். சரி... அங்கே ஏற்கெனவே நிற்பவரை அது என்ன செய்யும்?

பொன்னம்மாவின் கையால் எத்தனையோ தடவை தேத்தண்ணி வாங்கிக் குடித்தவன் நான். அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன். கறுப்பு... சப்பை மூக்கு... பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியும் பார்த்தேன். ரோஜா நிறக் கன்னம்தான் வந்தது.

இத்தனைக்கும் நான் சிகரெட் குடிப்பவன்கூட இல்லை.