பேடி என்று அவள் சொன்னாள்

எங்கள் வீட்டுக்குள் தமிழ். வாசலைத் தாண்டினால் மலையாளம். கேரள எல்லையில், பனச்சமூட்டுப் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டையும் கலக்காமல் பேசுகிறவன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்தக் கர்வத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உதியன்குளங்கரையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் இரண்டு நாள் தங்க வந்திருந்தாள். சாயங்காலம் மருமகன் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. டிவியில் பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப்படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் கணவன் பரம சாது. குரல் உயர்த்த மாட்டான். வெளியே போகும்போது மட்டும் மனைவியை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, அதை இரண்டு தட்டுத் தட்டிக்கொள்வான்.

மகள் எழுந்து டிவியை அணைத்தாள்.

"பேய்ப்படம் வேண்டாம்ப்பா."

"இதுல பேய் எங்க உண்டு மக்கா? கொலை உண்டு, போலீஸ் உண்டு. பேய்ப்படம்னா ஒரு வெள்ளச்சேலையாவது வேணும்லா?"

"அப்பாகிட்ட வாதத்துக்குப் போவாத," என்றாள் என் மனைவி. "ஃபைலு போட்டு உன்கிட்ட ஒப்பும் வாங்கிருவாரு."

மகள் சிரிக்கவில்லை. "அந்த ஆளு பையத் தட்டுதான் பாத்தியளா? அதாக்கும் எனக்குப் பேடி."

"பேடியா? பயத்துக்குப் பேடின்னு சொல்லுறது மலையாளம். தமிழ்ல பேடின்னா கோழையாக்கும். பயம்னு சொல்லு."

"பயம்," என்றாள், பாடம் ஒப்பிப்பவள்போல.

மருமகன் ஒரு ஏத்தன் வாழைக்குலையோடு வந்தான். மிதியடியில் கால்களை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே ஏறினான். சாயா குடித்து முடித்தான். மகள் அவனைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாள்:

"அப்பா, நான் ரெண்டு நாள் கூட நிக்கட்டா?"

அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். அவள் தன் போனை அந்தக் கையில் வைத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் போட்டு இரண்டு தட்டுத் தட்டினான்.

நான் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை என்று மனைவியிடம் பிறகு சொன்னது பொய். நன்றாகவே புரிந்தது. அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"வண்டி கொண்டு வந்திருக்காவல்லா. போ மக்கா," என்றேன். கேட்டை நானே திறந்து பிடித்தேன்.

எட்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்தோம். இடது காது இனிக் கேட்காது என்றார்கள். இப்போது எங்களோடுதான் இருக்கிறாள்.

போன வாரம் அதே படத்தை மறுபடி போட்டார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்று, "பேய்ப்படம்தான் மக்கா. நீ சொன்னது சரியாக்கும்," என்றேன்.

அவள் திரும்பவில்லை. நான் நின்றது இடது பக்கம்.

வலது பக்கம் போய் இன்னொரு முறை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.