டூலன் துரை பங்களாவில் நிற்காத கால்

நம்புறவங்க நம்புங்க. நம்பாதவங்க சிறுமலை அடிவாரத்தில் சடையாண்டி வீட்டுக்குப் போய்க் கேளுங்க, ஆள் இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கார். இது 1958 மே மாசம், ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரிதான் வரும் என்று எவன் சொன்னான்? அதுக்கென்ன ஷிப்ட் வேலையா?

பாக்கியராஜ் காப்பித் தோட்டத்து ஜீப் டிரைவர். மேனேஜராக இருந்த டூலன் துரை அயர்லாந்துக்காரர். பொழுது சாய்ந்தால் பிடிலை எடுத்துத் தன் ஊர் நாட்டுப்பாட்டுகளை வாசிப்பார். பக்கத்தில் மேளம், தபேலா ஒன்றும் கிடையாது. தாளத்துக்கு அவர் கால்தான். பார்த்துப் பார்த்து பாக்கியராஜும் கற்றுக்கொண்டான். துரை ஊருக்குக் கிளம்பும்போது பிடிலை இவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு சட்டம்.

"ஆடுறவன் கால் நிக்கிற வரைக்கும் வாசிக்கிறவன் நிறுத்தப்படாது. பிடில் நிக்கிற வரைக்கும் ஆடுறவனும் நிறுத்தப்படாது."

"அப்ப யாருதான் தொரை மொதல்ல நிறுத்துறது?"

துரை சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிவிட்டார்.

பாக்கியராஜ் தனக்கென்று ஒரு மிதிபலகை செய்தான். ஒரு முழப் பலகை. முனையில் சோடா மூடிகளைத் தட்டையாக்கி, லொடலொடவென்று ஆடுகிற மாதிரி ஆணி அடித்தான். குதிகால் பட்டால் தொம். விரல் பட்டால் ஜல். தொம்-ஜல்-ஜல். தொம்-ஜல்-ஜல். அவன் குடியிருந்தது மாடி வீடு. கீழே இருந்த கருப்பம்மாள் எத்தனை நாள் பொறுப்பாள்? "ஏலே, எம்புட்டு நேரம்டா என் தலை மேல மாவு இடிப்ப?" என்று ஒருநாள் விளக்குமாற்றோடு ஏறி வந்துவிட்டாள். மாடியில் பெண்டாட்டி சொர்ணலட்சுமிக்கு ஒன்பதாம் மாசம் வேறு. அதனால்தான் அவன் பூட்டிக் கிடந்த துரை பங்களாவைத் தேடிப் போனான்.

வாட்ச்மேன் சடையாண்டி சாப்பிடக் கிளம்பினார். நடுவில் யாராவது வந்து கதவைத் தட்டினால் வாசிப்பு கெட்டுப்போகுமே என்று இவனே வாயைக் கொடுத்தான்.

"அண்ணே, வெளிய பூட்டிட்டுப் போங்க. ரெண்டு மணிக்கு வந்து தொறந்தாப் போதும்."

பூட்டு செய்கிற ஊர்க்காரன் புத்தி! பூட்டினால் எல்லாம் பத்திரம் என்று நினைப்பு. ஜன்னலெல்லாம் கனத்த கம்பி. இருந்தது ஒரே கதவு.

12.10. நாற்காலியில் உட்கார்ந்தான். பலகையைக் காலடியில் போட்டான். முதல் பாட்டு. மூன்று சுற்று வாசித்து, நிறுத்தாமல் அடுத்த பாட்டுக்குத் தாவ வேண்டும். அதுதான் துரை ஊர் வழக்கம்.

இரண்டாம் சுற்றில் ஒரு ஜல் கூடுதலாகக் கேட்டது.

மூடி ஏதோ தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மூன்றாம் சுற்றில் சத்தம் பலகையிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், மரத்தரையிலிருந்து வந்தது.

டப்... டப்-டப்...

இரண்டு கால்கள். யாரோ ஆடுகிறார்கள்.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. தாடையால் பிடிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குத் தாவினான். இவன் தாவுவதற்கு அரை நொடி முன்னாலேயே அந்தக் கால்கள் தாவிவிட்டன. எந்தப் பாட்டு வரப்போகிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

நிறுத்தினால் என்ன ஆகும்? தெரியாது. தெரியாததால்தான் நிறுத்தவில்லை.

1.05. தோள் செத்துவிட்டது.

1.30. கண்ணில் வேர்வை. துடைக்கக் கையில்லை. 'நான் இங்கயே போய்ச் சேர்ந்துட்டா சொர்ணம் ஒத்தையில என்ன செய்வா' என்று நினைத்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சரியாக 2.00. வாசலில் செருப்புச் சத்தம். சடையாண்டி! சாவி பூட்டுக்குள் நுழைந்தது. கடகட...

"அண்ணே! தொறங்கண்ணே!"

சாவி நின்றது.

ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. அப்புறம் அந்தச் செருப்பு... ஓடியது. கதவைத் திறக்காமலே ஓடியது.

2.40.

டப்-டப். டப்-டப். இப்போது வேகமாக.

3.15. மூச்சு இரைக்கிற சத்தம். காதுக்குப் பக்கத்தில்.

3.38.

இனி முடியாது.

"என்னைய விட்ருங்க..."

அவ்வளவுதான். விழுந்துவிட்டான்.

4.10 மணிக்குத் தோட்டத்து ஆள் நல்லுசாமியையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து சடையாண்டி கதவைத் திறந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. பாக்கியராஜைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கிடத்தினார்கள். ஒரு வாரம் காய்ச்சல். எட்டாம் நாள் சடையாண்டி இரண்டு இளநீரோடு பார்க்க வந்தார்.

பாக்கியராஜுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மூணரை மணி நேரம் சாவுக்குப் பயந்து வாசிச்சேனேண்ணே. ரெண்டு மணிக்குச் சாவியப் போட்டீங்களே, ஏன் தொறக்காம ஓடுனீங்க?"

சடையாண்டி சொர்ணலட்சுமி உள்ளே போகும்வரை காத்திருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாவியப் போட்டுட்டுக் கதவு இடுக்குல பாத்தேன் அப்பு. நீ எங்க வாசிச்ச? நடு வீட்ல அழுதுக்கிட்டே ஆடிக்கிட்டுல்ல இருந்த. நாக்காலியில உக்காந்து வாசிச்சது வேற ஆளு."