ஒரு ரன் குறைந்த சுவர்: வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரு நாள்

டில்லியில் பிரதமரைச் சுட்டார்கள். இங்கே முதலமைச்சர் அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அந்த வருஷம் கழிந்து வந்த பொங்கலில்தான் எங்கள் ரோலிங் மில்லுக்கும் பக்கத்து மருந்து கம்பெனிக்கும் கிரிக்கெட் ஃபைனல். நான் கைநாட்டு, இதையும் நான் சொல்ல மருமகள்தான் தட்டுகிறாள். ஆனாலும் எங்கள் டீமுக்கு ஸ்கோர் நான். மைதானத்து ஓரம் பம்ப் ரூம் சுவரில் ஆணியால் கீறுவேன். ரன்னுக்கு ஒரு கோடு. நாலு கோடு நின்றதும் ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஒரு கட்டு.

போன புதன்கிழமை, மில் கேட் எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஏழுமலை போன் பண்ணினான். "நைனா, உன் செவுத்த மறைச்சிக்கினு இருந்த குடோன பிரிச்சிட்டாங்க. வெள்ளிக்கெழம செவுரும் போவுது. பாக்கறதுன்னா இப்பவே வா."

மறுநாளே கிளம்பினேன். நான் சொன்னதுதான் சரி என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்தச் சுவர்.

வேப்பம்பட்டில் காலை 6.40 வண்டி. பேசின் பிரிட்ஜ் 7.35. அங்கே அரை மணி நேரம் நின்று கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தால் 9.20க்கு இறக்கிவிடும். டிக்கெட் இருபது ரூபாய். ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு இன்னொரு இருபது.

மைதானத்தைக் காணோம். லாரிகள் நின்றிருந்தன. சுவர் மட்டும் அப்படியே இருந்தது. துடைத்துப் பார்த்தால் ஒவ்வொரு ஆட்டமும் வரிசையாக வந்தது. மூன்றாவது ஆட்டத்தில் ஒரு கோடு வளைந்திருக்கும். பந்து கெமிக்கல் கால்வாயில் விழுந்து மஞ்சளாகத் திரும்பி வந்தது. அடித்தவன் பேண்ட்டும் மஞ்சள். சிரித்ததில் ஆணி நழுவிவிட்டது. ஆறாவது ஆட்டம் பாதியில் நிற்கும். பிட்ச் நடுவில் ஆடு குட்டி போட்டுவிட்டது.

கடைசி வரிசைதான் ஃபைனல். அவர்கள் 97. கடைசிப் பந்து பாக்கி. பத்தொன்பது கட்டும் ஒரு கோடும் என் கணக்கு, அதாவது 96. "ரெண்டு போதும்டா" என்று கத்தினேன். பசங்கள் இரண்டு ஓடி மட்டையைத் தூக்கிவிட்டார்கள். பந்து வேலியோரம் கிடந்தது. மூன்றாவது ரன் நடந்தே எடுத்திருக்கலாம். அப்போது எங்கள் மில்லில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க், ஸ்கோர் எழுதிய நோட்டோடு எழுந்தார். கடைசிப் பந்துக்கு முன் 95தான், இப்போது சமம் என்றார். சமமானால் போன வருஷம் ஜெயித்த மருந்து கம்பெனிக்கே கோப்பை என்பது பேச்சு.

ஒரு ரன்னைத் திருடிவிட்டான் என்று நான்தான் முதலில் கத்தினேன். நோட்டைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தேன். அவர் கோபப்படவில்லை. "கட்டா எண்ணாத நைனா. கோடு கோடா எண்ணிப் பாரு" என்றார். நான் எண்ணவில்லை. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் 'ஒரு ரன்னு'. கேட்டில் நுழையும்போதே விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒரு மாதம் தாங்கினார். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டார்.

போன வியாழக்கிழமை கோடு கோடாக எண்ணினேன். பன்னிரண்டாவது கட்டில் விரல் நின்றது. குறுக்குக் கோட்டுக்கு அடியில் மூன்று கோடுதான். நான்காவது இல்லை. உதிர்ந்திருக்குமோ என்று நகத்தால் தடவினேன். பூச்சு வழவழவென்று இருந்தது. கடைசி இரண்டு ரன்னையும் சேர்த்து மறுபடி எண்ணினேன். 97.

அங்கிருந்த மணல் மேல் உட்கார்ந்தேன். எத்தனை வருஷமாக இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

ஏழுமலை டீ கொண்டுவந்தான். "இன்னா நைனா, பேயடிச்ச மாதிரி கீற?"

"தப்பு என்னுதுடா."

அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இத இப்ப யார்கிட்ட போயி சொல்லுவ?"

ஓடின இருவரும் இல்லை. அம்பயர் இல்லை. இரண்டு கேப்டன்களும் இல்லை. எல்லார் சாவுக்கும் நான் போயிருக்கிறேன். கிளார்க்கின் சாவு மட்டும் காதுக்கு வரவில்லை.

"அவுரு கீறாரு. பொன்னேரில. ஸ்டேஷனாண்ட கேளு, சொல்லுவாங்க" என்றான்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: ஷிப்ட் மாறும் நேரத்தில் ஷேர் ஆட்டோ தாராளம், மற்ற நேரத்தில் நடைதான். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். அந்தச் சுவர் இப்போது இல்லை. பழைய சண்டை ஏதாவது மனசில் வைத்திருந்தால், சாட்சி நிற்கும்போதே போய் எண்ணிவிடுங்கள்.

திரும்பும்போது 12.10 வண்டியில் ஏறி, அரை மணிக்குள் பொன்னேரியில் இறங்கினேன். டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்த பெரியவர் வீடு என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"ஒரு ரன்னு ஊடா? அவுரு பேரன் என் கூடப் படிச்சவன். அவனையும் அப்டித்தான் கூப்டுவோம். குந்து பெரியவரே, நாப்பது ரூபா."

ஏறாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவர் பேர் அது இல்லப்பா" என்றேன். "தேசப்பன்."