அவர் காதில் கோளாறு என்று சொன்னேன்

நாமக்கல்லில் எனக்கு ஒரு சின்ன வீடியோ ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எது வந்தாலும் எடுப்பேன். எடிட்டிங்கும் நானே. என் வேலையில் யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. வீடியோவில் சத்தம் வரவில்லை என்று வந்து நிற்கிறவர்களில் பாதிப் பேர் போனை சைலண்டில் போட்டுவைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடித்து, கடையில் இருக்கிறவர்கள் சிரிக்கும்படி ஏதாவது சொல்லி அனுப்புவதில் எனக்கு ஒரு ருசி. வாய்க்கொழுப்பு என்பாள் என் மனைவி. பிழைப்பில் கொஞ்சம் கலகலப்பு வேண்டாமா என்று நான் பதில் சொல்வேன்.

போன வருஷம் ஒரு தனியார் பள்ளியின் ஆண்டு விழாவை எடுத்தேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அப்பாவைப் பற்றிப் பேசினாள். அவர் லாரி டிரைவர், வடக்கே நெடுந்தூரம் ஓட்டுகிறவர். விழாவுக்கு வர முடியவில்லை. "எங்க அப்பா எந்த ஊரிலிருந்து போன் செய்தாலும் முதலில் கேட்பது ‘சாப்ட்டியா சாமி’ என்பதுதான்" என்று அவள் சொன்னபோது, கேமராவுக்குப் பின்னால் நின்ற நானே ஃபோகஸ் பார்க்க மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் அம்மா பரமத்தி வேலூரிலிருந்து பஸ் ஏறி ஸ்டுடியோவுக்கு வந்தார். மகள் பேசிய பகுதியை மட்டும் வீட்டு டிவியில் பார்க்கப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டார். அவரிடம் இருந்தது பட்டன் போன். அதனால் கணவரின் நம்பரைக் கொடுத்து, அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடச் சொன்னார். அந்த அம்மாவின் முன்னாலேயே அனுப்பினேன்.

பத்து நாளில் மறுபடி வந்தார்.

"ஏனுங்கண்ணா, புள்ள பேசறது அவருக்குக் கேக்கலீங்களாமா. மொதல்ல வர்ற மியூசிக் கேக்குது, கடைசில வர்றதும் கேக்குது. நடுவுல வாய் மட்டும் அசையுதுங்கறாரு."

"ஊட்டு டிவில கேட்டுச்சுங்களா?"

"அதுல கேட்டுச்சுங்க."

பாஸ்போர்ட் போட்டோவுக்காக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேட்க ஆள் இருந்தால் எனக்கு வாய் நீளும். ஹெட்போனை எடுத்து அந்த அம்மாவின் தலையில் மாட்டி வீடியோவை ஓடவிட்டேன். கேட்கிறது என்று தலையாட்டினார்.

"பாருங்க அம்மணி, இங்க கேக்குது. உங்கூட்டு டிவில கேக்குது. மியூசிக் கேக்குதுன்னா அவரு போனும் நல்லாத்தான் இருக்குது. மிச்சம் என்ன இருக்குது? அவரு காதுதான். இத்தன வருசம் எஞ்சினுக்குப் பக்கத்துல உக்காந்தா மந்தமாகாம என்ன பண்ணும்? உங்கள இங்க அனுப்பறத உட்டுட்டு காது டாக்டருகிட்டப் போகச் சொல்லுங்க."

உட்கார்ந்திருந்த இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஒரு காதுல குய்யினு இரையுதுன்னு சொல்லிட்டுத்தானுங்க இருந்தாரு" என்றார் மெதுவாக.

"பாத்தீங்களா!" என்றேன், பந்தயத்தில் ஜெயித்தவனைப் போல.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எடிட்டிங் செய்யும்போதே ஹெட்போனில் அந்தப் பேச்சு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. குரல் நேராக முன்னாலிருந்து வராமல் தலைக்குள் இரண்டு பக்கமும் பிரிந்து நின்றது. கேட்கிறதல்லவா, போதும் என்று விட்டுவிட்டேன். அடுத்த கல்யாண வேலை காத்திருந்தது.

மூன்று மாதம் கழித்து அதே பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஆண்டு விழாப் பேச்சுகளை ஹாலில் போட்டுக் காட்ட என்னைக் கூப்பிட்டார் தலைமை ஆசிரியை. போட்டேன். டைட்டில் இசை ஹாலே அதிர வந்தது. பிறகு ஒரு பையன் மேடையேறி வாயசைத்தான். சத்தம் இல்லை. அடுத்த பிள்ளைக்கும் இல்லை. ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைக் கூட்டினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். எடிட்டிங் சாஃப்ட்வேரையே திறந்து பார்த்தேன். ஆடியோ டிராக் மியூட் ஆகவில்லை, கோடுகள் ஏறி இறங்கி ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஹெட்போன் மாட்டினால் கணீரென்று கேட்டது. "நம்ம ஆம்ப்ளிஃபயர் சரியில்லீங்களா?" என்று தலைமை ஆசிரியை கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பழக்கம்.

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வலதுபக்கச் சத்தத்துக்குச் சிவப்பும் இடதுபக்கத்துக்கு வெள்ளையுமாக இரண்டு பின்கள் செருகியிருந்தன. இறுக்கிப் பார்க்கலாம் என்று தொட்டபோது வெள்ளை பின் கையோடு வந்துவிட்டது. அந்த நொடியில் பிள்ளையின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. திரும்பச் செருகினேன், குரல் போய்விட்டது. கழற்றினேன், வந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளைகள் பேசிய மைக்கையும் என் கேமராவையும் இணைக்க, விலை மலிவு என்று பொருந்தாத கேபிள் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தேன். அதனால் இடதுபக்கச் சத்தம் ஏறும்போதெல்லாம் வலதுபக்கச் சத்தம் அதே அளவு இறங்கிப் பதிவாகியிருந்தது. இரண்டு காதிலும் தனித்தனியாகக் கேட்டால் குரல் இருக்கும். இந்த ஆம்ப்ளிஃபயர் செய்கிற மாதிரி இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். நான் பிறகு சேர்த்த இசைக்கு மட்டும் அந்தக் கோளாறு கிடையாது.

டிரைவரின் போனில் இருப்பதும் ஒரே ஸ்பீக்கர்தானே!

சரிசெய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு மறுபக்கத்தையே இரண்டுக்கும் வைத்தேன். அன்றே அவருக்கு அனுப்பினேன், ஒரு வார்த்தை எழுதாமல். கேட்டுவிட்டுச் சந்தோஷப்படட்டும், நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். பதில் வரவில்லை. எட்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். அந்த அம்மா "இரையுதுன்னு சொல்லிட்டுத்தானுங்க இருந்தாரு" என்று சொன்ன குரல் சாப்பிடும்போதுகூட வந்து நின்றது. ஒன்பதாம் நாள் காலையில் பரமத்தி வேலூர் பஸ்ஸில் ஏறினேன். வாட்ஸப்பில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது.

டிரைவர் வீட்டில்தான் இருந்தார். சட்டையெல்லாம் வாழைக்கறை. லோடு ஏற்றப் போன இடத்திலிருந்து சாப்பிட வந்திருந்தார்.

"வண்டிக்குப் போகலீங்களா?" என்றேன்.

"சாவிய ஓனர்கிட்டக் குடுத்துட்டேனுங்க. வாழத்தார் ஏத்தப் போயிட்டிருக்கறேன்."

அந்த அம்மா உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார். ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"போன காதோட வெச்சாத்தான் பேச்சு கேக்குது, எட்ட வெச்சா பெத்த புள்ள பேசறதே கேக்கல. பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சு, அது கேக்காம எவனையாச்சும் ஏத்திப்போட்டா என்னங்க பண்றது?"

"கூட ஓட்டறவங்க யாருகிட்டயாச்சும் போட்டுக் காட்டலீங்களா?"

"அவனுக்குக் கேட்டு எனக்குக் கேக்கலீன்னா? செவிடன்னு லாரி ஆபீஸ் வரைக்கும் போயிருமுங்களே. டாக்டர்கிட்டப் போகாததும் அதுக்குத்தான்."

"இப்ப ஒண்ணு அனுப்பியிருந்தேனுங்களே. பழசுல... வாட்ஸப்புல ஏதோ கோளாறு."

"தொறக்கலீங்க. மறுக்காவும் கேக்காமப் போயிட்டா?"

திறக்கச் சொன்னேன். போனை எடுத்துச் சத்தத்தை முழுக்க ஏற்றினார். பிறகு தொட்டார். இசை முடிந்தது. மகள் மேடைக்கு வந்து, மூச்சை இழுத்து, பேச ஆரம்பித்தாள். அவர் அசையவே இல்லை. முழுவதும் முடிந்தபிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

"அப்ப என் காது நல்லாருக்குங்களா?"

டாக்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டார். கெட்டுவிட்டது என்று சொன்னவன் நான்தானே. பஸ்ஸில் தயாரித்த பொய் அதற்குமேல் வரவில்லை.

"உங்க காதுல ஒண்ணுமில்லீங்க. வாட்ஸப்பும் கெடலைங்க. தப்பு என்னுது. நாந்தான் கேபிள மாத்திப் போட்டுப் பதிவு பண்ணிட்டேன். அது தெரியாம உங்கள..."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கதவோரம் நின்ற அம்மாதான் பேசினார்.

"அன்னிக்கு அந்த ரெண்டு பேரு சிரிச்சாங்களேண்ணா. அதையுமில்ல அவருகிட்டச் சொன்னேன்."

ஓனரிடம் நான் வந்து பேசட்டுமா என்றேன். வண்டிக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றார் டிரைவர். அதைச் சொல்லும்போதும் கண் போனில்தான் இருந்தது.

மறுபடி முதலிலிருந்து போட்டார். இந்த முறை போனின் ஓரத்திலிருந்த பட்டனை அழுத்தி ஒரு படி குறைத்தார். "கேக்குது" என்றார். இன்னொரு படி. "கேக்குது." பக்கத்து நாற்காலியிலிருந்து நானும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் படிக்குக் குறைத்துவிட்டு, போனைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக் கண்ணை மூடினார்.

"கேக்குதுங்க. ‘சாப்ட்டியா சாமி’ங்கறா."

எனக்குக் கேட்கவில்லை.