பள்ளம் உள்பக்கம்

நோரா டில்புரூக் சிவப்புத் தபால் வண்டியைச் சாலை வளைவில் நிறுத்திவிட்டு மண்மேட்டில் ஏறி நிற்கிறாள். காலை மூடுபனி அவள் முழங்கால் வரைக்கும் இருக்கிறது. என் வீட்டுத் தபால் வண்டிக்குள் கிடக்கிறது. தினமும் இப்படிப் பத்து நிமிடம். கேட்டால், "இருப்பா, இப்பத்தான் மேய வந்திருக்குதுங்க" என்பாள்.

அங்கே எதுவும் மேயவில்லை. வேட்டைக்காக இங்கே மான்களை அடைத்து வளர்த்த பிரபு போய் அறுநூறு வருடமாகிறது. மிச்சம் இந்த மேடும், அதன் உள்பக்கப் பள்ளமும், மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிற சாலையும்தான். உள்ளே இப்போது கோதுமை வயல். நோரா அதன் குறுக்கே ஒருநாளும் நடந்ததில்லை. "பிரபுவோட ஆளுங்க பாத்தா என்ன பதில் சொல்றது?" நல்ல கிறுக்கு. ஆனால் அவள் பக்கத்தில் நின்றால் எனக்கும் பனிக்குள் ஏதோ அசைகிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வயல்காரன் ரோலண்ட் ஹெப்டன் எங்களோடு ஒரே வகுப்பில் படித்தவன். அறுவடை இயந்திரம் நுழைவதற்காக மேட்டை இடித்து வாசல் வைக்கப் போகிறான். அளந்து, மேட்டின் இருபுறமும் முளை அடித்தாயிற்று. வியாழக்கிழமை இடிக்க ஆள் வருகிறது. நோராவுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன் காலை ரோலண்டே வந்தான்.

"எவனோ வேலிக்குக் கொட்டுன மண்ணு நோரா. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க."

"மான் உள்ள வரக்கூடாதுன்னா பள்ளத்த வெளியில வெட்டியிருப்பான். இது உள்ள இருக்கு. வர்றது சுளுவா வந்துரும், திரும்பிப் போக முடியாது. சந்தேகம்னா இறங்கிப் பாரேன்."

"மான் என்ன, என் பசுவே ஏறிரும்" என்று சாலைப் பக்கச் சரிவில் சாவகாசமாக ஏறி, உள்ளே குதித்தான்.

ஈரக் களிமண். மூன்று தடவை ஏறினான், மூன்று தடவையும் சறுக்கினான். நான் சிரித்தேன், நோரா சிரிக்கவில்லை. பிறகு அவன் ஏறுவதையே விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றான். பனி அவன் தோள்வரை வந்துவிட்டது.

"இங்கேருந்து பாத்தா ஆகாசம் மட்டுந்தான் தெரியுது" என்றான் கடைசியில், மெதுவாக.

நோரா மேட்டில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற முளையை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, முதலில் அதை மேலே கொடுத்தான்.