கறுப்பு ஓரக் கடிதம்

இது நடந்தது. கட்டுக்கதைன்னு நினைக்கிறவங்க இப்பவே எழுந்து போகலாம், எனக்கு ஒண்ணும் நஷ்டமில்லை. 1949, வைகாசி மாசம். ராயபுரம்.

பொன்னுரங்கம் ஹார்பர்ல சரக்கு எண்ணிக் குறிக்கிற குமாஸ்தா. அவனுக்கு ஒரு பைத்தியம் இருந்துச்சு. ஐரோப்பா ராஜா ராணிங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதங்களைச் சேர்க்கிறது. வெள்ளைக்காரன் காலி பண்ணிட்டுப் போன பங்களாக்கள்லேர்ந்து வர்ற பழைய காகிதத்துல தேடுவான். பதினொண்ணு சேர்ந்துபோச்சு. ஒண்ணைக்கூடப் படிச்சதில்லை. அந்தப் பாஷையெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும்? கையெழுத்து இருந்தா போதும் அவனுக்கு.

பன்னிரண்டாவதைக் கொடுத்தவர் யானைக்கவுனி பழைய பேப்பர் கடை லியாகத் அலி. மேலே கிரீடம். நாலு வரி. கீழே ஒரு ராணியோட கையெழுத்து. அவ செத்து அறுபது வருஷம் ஆச்சு. கடிதத்தோட நாலு பக்கமும் நூல் கனத்துக்குக் கறுப்பு ஓரம்.

"காசு வாணாம். எட்த்துகினு போ," என்றார். இவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பக்கத்து வீட்டு மீன்காரி பவுனம்மாள் அதைப் பார்த்துட்டா.

"அய்ய! கறுப்பு ஓரம் போட்டா எழவுக் காயிதம்பா. படிச்ச கையோட கிழிச்சுப் போடணும், வூட்டுக்குள்ள வெக்கக்கூடாது. வாயும் வயிறுமா ஒரு பொண்ணு கீற வூடு!"

"வெள்ளைக்காரி எழவு நமக்கு ஒட்டிக்குமா? போ, போய் மீன வில்லு," என்று சிரிச்சான்.

அவன் பொண்டாட்டி குணசுந்தரிக்கு அப்ப எட்டாம் மாசம். ஏற்கெனவே ரெண்டு தரம் கரு கலைஞ்சுபோச்சு. இந்தக் குழந்தைதான் அவளுக்கு உசிரு.

வழக்கம்போல நோட்டுல குறிச்சான். நாலு வரி. நூல் கன ஓரம். கடிதத்தைத் தகரப் பெட்டியில வச்சுப் பூட்டினான்.

மறுநாள் ஞாயிறு. பகல் பன்னிரண்டு பத்து. பளீர்னு வெயில்.

கிறீச்… கிறீச்…

பெட்டிக்குள்ளேர்ந்து. பேனா முள் காகிதத்துல உரசுற சத்தம்.

எலின்னு நினைச்சுத் திறந்தான். எலி இல்லை.

வரிகளை எண்ணினான். அஞ்சு.

நோட்டைப் பார்த்தான். நாலு.

ஓரம் இப்ப சுண்டுவிரல் அகலம்.

உள்ளேர்ந்து குணசுந்தரி கூப்பிட்டா. "இன்னாங்க… காலைலேர்ந்து கொழந்த அசையல."

பவுனம்மாள் சொன்னது ஞாபகம் வந்துச்சு. கொல்லைப்பக்கம் ஓடிக் கடிதத்தைக் கிழிச்சான். கிழிச்சுக்கிட்டே வந்தவன் கையெழுத்துகிட்ட நின்னுட்டான். ராணி கையெழுத்தாச்சே! பாழாய்ப்போன ஆசை. அதை மட்டும் பிளேடால வெட்டி நோட்டுக்குள்ள சொருகினான்.

சத்தம் நின்னுபோச்சு. சாயங்காலம் குழந்தை உதைச்சுது. குணசுந்தரி அவன் கையை எடுத்து வயித்துல வச்சுச் சிரிச்சா. இவன் அழுதுட்டான்.

ஒன்பது நாள் போச்சு. செவ்வாய்க்கிழமை. ராத்திரி வேலை முடிஞ்சு வந்து பகல்ல வீட்டுல இருந்தான்.

பன்னிரண்டு பத்து.

கிறீச்…

நோட்டைத் திறந்தான். வெட்டின துண்டுக்கு நாலு பக்கமும் கறுப்பு ஓரம். கையெழுத்துக்கு மேலே… ஒரு வரி.

தொட்டான். மை ஈரம்.

அப்பவே கிழிச்சிருக்கலாம் இல்லே? கிழிக்கலை. வெறும் கையெழுத்தைவிட ஒரு வரியோட இருந்தா உசத்தியாச்சே! குழந்தைதான் உதைக்குதே… நோட்டை மூடிட்டான்.

புதன்கிழமை. பன்னிரண்டு பத்து. குழந்தை பிறந்துச்சு.

அழலை.

ஆண்.

ஒரு வாரம் கழிச்சு நோட்டுல இருந்த துண்டு குணசுந்தரி கண்ணுல பட்டுச்சு. புருஷனை இழுத்துக்கிட்டு நேரே சர்ச்சுக்குப் போனா. அங்கே இருந்த வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு அந்தப் பாஷை தெரியும். படிச்சார். சிலுவை போட்டுக்கிட்டார்.

"'நாளை இறந்து பிறக்கும் உங்கள் மகனுக்காக வருந்துகிறேன்.' இதுதான் எழுதியிருக்கிறது, அம்மா."

குணசுந்தரி திரும்பினா.

"இத நீ என்னிக்குப் பாத்த?"

அவன் சட்டையைப் பிடிச்சா.

"என்னிக்குய்யா?"

"செவ்வாக்கெழம…"

அவ துண்டை வாங்கினா. பாதிரியார் படிச்ச கையோட அங்கேயே கிழிச்சுப் போட்டா. அதுக்கப்புறம் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கலை.